வேனில் ராத்திரி தங்க எங்கே நிறுத்துவது? வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், அவசரம்

வேன்காரன்_வடசென்னை
வணக்கம். வண்டி ரெடி. கட்டில், ஃபேன், சின்ன கிச்சன் எல்லாம் போட்டாச்சு. யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்கள் ஆப்பைத் திறக்கிறார்கள், இடம் காட்டுகிறது, போய் நிறுத்தித் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு வெளிநாடெல்லாம் வேண்டாம், வீட்டில் ஒருத்தருக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது. அதே மாதிரி ராத்திரி நிறுத்துகிற இடங்கள் இங்கே எங்கெங்கே இருக்கு? லிஸ்ட் இருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.

செல்வி_திருவொற்றியூர்
எந்தப் பக்கம் போறீங்க தம்பி? எத்தனை பேர்? கழிப்பறை உள்ளேயே இருக்கா?

ஆர்சி_புக்
என்ன வண்டி? மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா? ஆர்.சி.யில் வாகன வகை என்னவென்று இருக்கிறது? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

டீசல்புலி (மூத்த உறுப்பினர்)
நண்பரே, மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அழகுக்கு வைக்கவில்லை. அதோடு வேனில் மெத்தை போட்டால் மோட்டார் ஹோம் ஆகிவிடாது. ஏஐஎஸ் 124 என்று மோட்டார் கேரவனுக்குத் தனித் தரநிலையே உண்டு, படித்துப் பாருங்கள். கேரவன் பார்க் வேண்டுமென்றால் கேரளாவுக்குப் போங்கள். 2021-ல் கொள்கை போட்டு, 2022-ல் வாகமனில் பார்க்கே திறந்துவிட்டார்கள்.

மீஞ்சூர்_மாமா
பெட்ரோல் பங்க். வேறு எங்கேயும் தேட வேண்டாம். ஹைவேயில் லாரிக்காரர் நாலு பேர் நிறுத்தித் தூங்கும் பங்க்கைப் பார்த்து ஓரமாகப் போடுங்கள். லைட், கேமரா, தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. கழிப்பறையும் காற்றும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

லியோன்_தமிழன்
ப்ரோ, நான் பிரான்சில் இருக்கிறேன். இங்கே ஊருக்கு ஊர் ‘ஏர்’ என்று மோட்டார் ஹோமுக்கென்றே இடம் விட்டிருப்பார்கள். தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம். அது போக 1993-லிருந்து ‘பிரான்ஸ் பாசியோன்’ என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர்களும் பண்ணைக்காரர்களும் தங்கள் இடத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த விடுவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் எல்லோரும் ஒரு பாட்டிலோ பாலாடைக்கட்டியோ வாங்கிக்கொண்டுதான் போவோம். இந்தியாவுக்கு ஐஓவர்லேண்டர் ஆப் பாருங்கள். சொந்த வண்டியில் உலகம் சுற்ற வந்தவர்கள் குறித்து வைத்த இடங்கள் இருக்கும். தேதியைப் பார்த்து நம்புங்கள், நிறைய பழசு.

கோயில்மணி
ஆப்பும் வேண்டாம் பங்க்கும் வேண்டாம். நம் ஜனம் வேனில் படுத்து ஊர் சுற்றுவது நேற்று வந்த பழக்கமா? கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வண்டியெல்லாம் எங்கே நிற்கிறது? கோயில் பார்க்கிங். காலையில் குளத்தங்கரை, கட்டணக் குளியலறை, வாசலில் இட்லி. பெரிய கோயில் உள்ள ஊராகப் பார்த்துப் பிளான் போடுங்கள், முடிந்தது.

வேன்காரன்_வடசென்னை
நன்றி. வண்டி டிராவலர், வெள்ளை போர்டு. நாங்கள் ஐந்து பேர், அதில் இரண்டு குழந்தைகள். லிஸ்ட் யாரிடமும் இல்லையா?

செல்வி_திருவொற்றியூர்
எந்தப் பக்கம் என்று கேட்டேனே தம்பி.

ஆர்சி_புக்
சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டதை ஆர்.சி.யில் ஏற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.டி.ஓ. அனுமதி. ராத்திரி ரோந்து போலீஸ் கதவைத் தட்டினால் முதலில் கேட்பது ஆர்.சி.தான். அதை விடுங்கள், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் இந்தக் கட்டிலைத்தான் காட்டுவான்.

வேன்காரன்_வடசென்னை
அதெல்லாம் வண்டி கட்டிக் கொடுத்தவர் பார்த்துக்கொண்டார். தெற்கே போகிறோம் அக்கா. வேளாங்கண்ணி, முடிந்தால் அப்படியே ராமேஸ்வரம்.

டீசல்புலி (மூத்த உறுப்பினர்)
“பார்த்துக்கொண்டார்.” நல்லது.

செல்வி_திருவொற்றியூர்
சரி, இப்போது சொல்லலாம். நாங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வேனில் போகிற ஆட்கள், அதனால் என் கணக்கு முழுக்கப் பெண்கள், பெரியவர்கள் பக்கம் இருந்துதான்.

லிஸ்ட் என்று ஒன்று இங்கே கிடையாது. இருந்தாலும் உதவாது. போன மாதம் நிறுத்த விட்ட பங்க்கில் இந்த மாதம் மேனேஜர் மாறியிருப்பார். இருட்டுவதற்குள், முடியாவிட்டால் ஒன்பது மணிக்குள், இடத்துக்குப் போய்விடுங்கள். முதலில் டீசல் போடுங்கள், அப்புறம் மேனேஜரிடம் போய், “குடும்பத்தோடு வந்திருக்கோம், விடியற்காலை கிளம்பிடுவோம், எங்கே நிறுத்தினா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?” என்று கேளுங்கள். நிறுத்தலாமா என்று கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். குழந்தைகளைக் கூடவே கூட்டிப் போங்கள். ராத்திரி ஆள் மாறும் நேரத்தில் வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடிப்பார்.

டீசல் பம்ப் பக்கம் வேண்டாம், ஏர் பிரேக் சத்தம் விடிய விடிய கேட்கும். அதைவிட மோசம் குளிர்பதனப் பெட்டி வைத்த லாரி. காசிமேட்டுக்கு மீன் கொண்டு வருகிற வண்டிகளில் பார்த்திருப்பீர்கள், டிரைவர் தூங்கினாலும் அந்தப் பெட்டியின் மோட்டார் தூங்காது. வண்டி மூக்கு ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் இறங்காமலே கிளம்பலாம். பால் காய்ச்ச வேண்டுமென்றால் வரும் வழியிலேயே காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். பங்க் வளாகத்துக்குள் அடுப்பைத் தொடவே கூடாது.

இன்னொரு வழி, ஹோட்டல் தமிழ்நாடு மாதிரி காம்பவுண்டு உள்ள இடத்தில் ஒரே ஒரு ரூம் எடுப்பது. ராமேஸ்வரத்தில் இருக்கிறது. குளியல், கழிப்பறை ரூமில், தூக்கம் வண்டியில். இரண்டாவது ரூம் காசு மிச்சம், போனில் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கோயில்மணி
வேளாங்கண்ணி என்றால் இன்னும் சுலபம். பார்க்கிங் இடங்களில் வேன் ஓரத்தில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மட்டும் போகாதீர்கள், கொடியேற்றத்திலிருந்து மாதா திருநாள் வரை கால் வைக்க இடமிருக்காது. ஒன்று சொல்கிறேன். கோயிலோ மாதா கோயிலோ, பார்க்கிங் பெரும்பாலும் குத்தகை. காசு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். நள்ளிரவில் இன்னொருவர் வந்து “அவன் யாரு, நான்தான் வசூல்” என்பார்.

சும்மா_ஒருவன்
தனுஷ்கோடியில் கடலோரம் தூங்கலாமா?

செல்வி_திருவொற்றியூர்
முடியாது. சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், இருப்பவர்களையும் அனுப்பிவிடுவார்கள். பொதுவாகவே கடற்கரையில் ராத்திரி தனியாக நிறுத்தினால் போலீஸ் வந்து விசாரிக்கும்.

லியோன்_தமிழன்
அந்தப் பண்ணை ஐடியாவை யோசித்துப் பாருங்கள் ப்ரோ. கடலூர் பக்கம் எவ்வளவு தோப்பு இருக்கு!

மீஞ்சூர்_மாமா
தோப்பில் போய் நின்றால் நாயைத்தான் அவிழ்த்து விடுவார்கள் தம்பி, பாலாடைக்கட்டி கொடுக்கமாட்டார்கள்.

வேன்காரன்_வடசென்னை
அக்கா, ரொம்ப நன்றி. ஏசி பற்றிச் சொல்லலையே. நான் சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், பின் கதவுக்கு வெளியே கேரியரில். ராத்திரி முழுக்க ஓடினால் பங்க்கில் ஏதாவது சொல்வார்களா?

ஆர்சி_புக்
பங்க்கில் சொல்வது இருக்கட்டும், அதைப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

மெக்கானிக்_வியாசை
அண்ணா, வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்களே, அது இதுதான். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறிவிட்டது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

வேன்காரன்_வடசென்னை
வெளியேதானே இருக்கு? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா?

மெக்கானிக்_வியாசை
போதாது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியாது. பின் கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள், டிராவலரில் நாலு வருஷத்தில் மூலை தளர்ந்து தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டில் போடத் தரையில் போல்ட் அடித்த ஓட்டை, ஒயர் இழுத்த ஓட்டை, எல்லாம் வழிதான். நீங்கள் திறந்து வைக்கிற ஜன்னலே புகை வருகிற வழியாக இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் இதே கதை. கூரை ஃபேன், கொசுவலை, இரண்டாவது பேட்டரி, இவ்வளவு போதும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். குழந்தைங்க இருக்காங்க அண்ணா.

செல்வி_திருவொற்றியூர்
கிளம்புவதற்கு முன் உங்கள் தெருவிலேயே ஒரு ராத்திரி ஃபேனோடு மட்டும் தூங்கிப் பாருங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் தாங்கினால் வேளாங்கண்ணியில் தாங்கும்.

வேன்காரன்_வடசென்னை
தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நிறுத்தித் தூங்கினால் அம்மா ஐந்து மணிக்கே கோலம் போட வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். வண்டியில் மருந்து ஊற்றி வைக்கிற கெமிக்கல் டாய்லெட்டை எங்கே கொட்டுவது?

ஆர்சி_புக்
சாலையோரக் கால்வாயில் கூடாது. அனுமதி கேட்டுக் கழிப்பறையில், நிறையத் தண்ணீர் விட்டு. பாதாளச் சாக்கடை உள்ள ஊராக இருந்தால் நல்லது. செப்டிக் டேங்கில் அந்த மருந்து போனால் கழிவை மக்க வைக்கிற கிருமிகளைக் கொன்றுவிடும். முடிந்தவரை மருந்தில்லாமல் ஓட்டுங்கள்.

மீஞ்சூர்_மாமா
தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்டிக்குள்ளே போய் மாட்டிக்காதீங்க. நேரா மீஞ்சூர் வாங்க, அவுட்டர் ரிங் ரோடு ஏறுங்க. 62 கிலோமீட்டர், வண்டலூரில் இறங்கிடலாம். தாம்பரம், பெருங்களத்தூர் எதையும் பார்க்க வேண்டாம்.

டீசல்புலி (மூத்த உறுப்பினர்)
தண்டையார்பேட்டையிலிருந்து வடக்கே மீஞ்சூர் வரை ஏறிவிட்டுத் தெற்கே போவதாம். மணலி ரோட்டில் கண்டெய்னர் வரிசையில் நின்றுவிட்டு அவர் வண்டலூரில் இறங்கும்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையக் கூட்டம் காத்திருக்கும். 2023 டிசம்பரில் அதைத் திறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை அங்கே என்ன நடக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது போல. காமராஜர் சாலை, அடையாறு, ஈ.சி.ஆர். இதுதான் வழி.

மீஞ்சூர்_மாமா
நான் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். அந்த வரிசை எப்போது நகரும், எப்போது நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் ரிங் ரோட்டில் ஏறினால் பறக்கலாம்.

டீசல்புலி (மூத்த உறுப்பினர்)
பறக்கலாம். லைட் போடாமல் ஓரத்தில் நிற்கிற லாரியில் போய் இறங்கலாம்.

கோயில்மணி
மாதவரம் போய் பைபாஸ் பிடித்தால் என்ன?

மீஞ்சூர்_மாமா
அதையும் சொல்லுங்கள், மதுரவாயலில் மூன்று மணி நேரம் நிற்கட்டும்.

செல்வி_திருவொற்றியூர்
அவர் ராத்திரி எங்கே தூங்குவது என்று கேட்டார், ஐயா. நீங்கள் இரண்டு பேரும் அவரை ஊரைவிட்டே கிளம்ப விடமாட்டீர்கள் போலிருக்கு. தம்பி, வெள்ளி ராத்திரி கிளம்பாமல் சனி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். எந்த ரோடும் சும்மாதான் இருக்கும். சனி ராத்திரி தங்க சிதம்பரத்திலோ வேளாங்கண்ணியிலோ பகல் வெளிச்சத்திலேயே இடம் பார்த்துவிடலாம்.

ஆர்சி_புக்
நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033-க்கு அடியுங்கள், நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். டோல்கேட்டை ஒட்டிய லாரி நிறுத்தத்திலும் அவசரத்துக்கு ஓரம் கட்டலாம், கழிப்பறை இருக்கும். ஹைவே ஷோல்டரில், அதாவது ரோட்டை ஒட்டிய ஓரப் பட்டையில் மட்டும் நிறுத்தித் தூங்காதீர்கள்.

சும்மா_ஒருவன்
என்ன ஆச்சு? போனாரா இல்லையா?

லியோன்_தமிழன்
நானும் கேட்கணும்னு நினைச்சேன்.

வேன்காரன்_வடசென்னை
போயிட்டு வந்தாச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரியே கிளம்பிட்டோம், திண்டிவனம் தாண்டி ஒரு பங்க். அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன், மேனேஜர் காற்று அடிக்கிற இடத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். வேளாங்கண்ணியில் ரசீது வாங்கினேன். ஒன்றரை மணிக்கு இன்னொருவர் வந்து கேட்டார், காட்டினேன், போய்விட்டார். சின்னவளுக்குக் காய்ச்சல், அதனால் ராமேஸ்வரம் போகவில்லை. ஜெனரேட்டரை இறக்கி வீட்டிலேயே வைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மீஞ்சூர்_மாமா
பாப்பாவுக்கு இப்போ சரியாயிடுச்சா? எந்த வழியில் போனீங்க தம்பி, ரிங் ரோடா?

டீசல்புலி (மூத்த உறுப்பினர்)
சொல்லமாட்டார்.

மெக்கானிக்_வியாசை
அண்ணா, அந்த ஜெனரேட்டர் சும்மாதான் கிடக்கா? கொடுப்பதாக இருந்தால் விலை சொல்லுங்கள், கடைக்கு வேணும். நானே வந்து எடுத்துக்கிறேன்.