டேர்போ எஞ்சினில் கேம் மாற்றினால் ஸ்பிரிங்கும் மாறணும்: பார்த்ததும் அளந்ததும்

(ஒவ்வொரு பகுதியின் தலையிலும் பேசுபவரின் ஊர்.)

நானுஓயா:
ரதல்ல மலையேற்றக் கார் பந்தயத்துக்குத் தயாராகிற டேர்போ கார்களில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. வால்வைத் திறக்கிற கேம் புதுசு (272 பாகை, அதாவது வால்வை நெடுநேரம் திறந்துவைக்கிறது), வால்வை மூடுகிற ஸ்பிரிங் மட்டும் பழசு. 6,500 ஆர்பிஎம் வரை நல்லா இழுக்கும், அதற்கு மேலே படபடவென்று மிஸ் அடிக்கும். பிளக், கொயில், பெற்றோல் பம்ப் என்று வரிசையாகக் காசு போகும். பிரித்தறிய ஒரு வழி இருக்கு. பற்றவைப்புக் கோளாறு பெரும்பாலும் டோர்க் உச்சத்தில், லோட் ஏறும்போது தலைகாட்டும். வால்வு மிதப்பு, அதாவது ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாமல் போவது, எந்தக் கியரில் போனாலும் ஏறக்குறைய அதே ஆர்பிஎம்மில் வரும்.

ஹட்டன்:
சரியாச் சொன்னீங்க அண்ணே. கணக்கையும் போட்டுவிடுறேன். காற்று உள்ளே வருகிற 30 மிமீ இன்டேக் வால்வின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர செமீ. 1 பார் பூஸ்ட் (டேர்போ தருகிற கூடுதல் அழுத்தம்) அதன் முதுகில், திறக்கிற பக்கமாக, 7 கிலோவுக்குக் கிட்ட அழுத்தும். சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் இருப்பதால் முழு விசையும் எந்நேரமும் விழாது; ஆனாலும் சீட் அழுத்தத்தோடு (மூடிய வால்வை அது உட்காரும் சீட்டில் ஸ்பிரிங் அழுத்துகிற விசை) இதைச் சேர்த்து ஸ்பிரிங் எடுப்பதுதான் பாதுகாப்பு. அதற்காகக் கடையில் இருப்பதிலேயே கடினமானதை வாங்கிவிடாதீங்க. கேமின் மேடான லோப் தேயும், டைமிங் பெல்ட்டுக்கும் வீண் பாரம்.

நுவரெலியா:
எல்லாரும் இன்டேக்கையே பேசுறோம். புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் பக்கம்தான் இங்கே பெரிய தலைவலி. 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றழுத்தம் ஏறக்குறைய 0.8 பார். காற்று உள்ளே போகிற இன்டேக் மெனிஃபோல்டில் மொத்தமாக 2 பார் வேண்டுமென்றால் கொழும்பில் டேர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும், இங்கே இரண்டரை மடங்கு அழுத்தணும். புகையால் சுழன்று டேர்போவை ஓட்டும் டேர்பைன் கூடுதலாக உழைக்க, எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டில் பின்னழுத்தம் ஏறும். 1-3-4-2 என்ற பற்றவைப்பு வரிசையில் ஒன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு மூடப்போகிற நேரத்தில் மூன்றாவதின் புகை வெடித்து வெளியே வருகிறது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அந்த அடியில் வால்வு சீட்டை விட்டுத் துள்ளும். ஆகவே இன்டேக்குக்கு மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீங்க, பதினாறு வால்வின் ஸ்பிரிங்கையும் மாற்றுங்க.

பண்டாரவளை:
ஸ்பிரிங்கைப் பூட்டுவதற்கு முன்னால் மூன்று அளவு: பூட்டிய உயரம் (வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங்கின் உயரம்), கேம் லிஃப்ட் (கேம் வால்வைத் திறக்கிற தூரம்), சுருள் முட்டும் உயரம் (சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது உள்ள உயரம்). 35.0 மிமீ பூட்டிய உயரத்தில் 9.5 லிஃப்டைக் கழித்தால் 25.5. சுருள் முட்டுவது 24.0 என்றால் மிச்சம் 1.5. 1 மிமீக்குக் கீழே போகவே கூடாது. ஸ்பிரிங்கின் மேல் தட்டான ரிட்டெய்னரின் அடிக்கும், வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கிற ஸ்டெம் சீலுக்கும் நடுவேயும் முழு லிஃப்டில் அவ்வளவு இடைவெளி வேண்டும். பலர் விடுவது இங்கேதான். சீல் நசுங்கி, நீல புகை வந்த பிறகுதான் தெரியும்.

சீட்டைத் திரும்ப வெட்டிய சிலிண்டர் ஹெட்டில் வால்வு உள்ளே இறங்கியிருக்கும், பூட்டிய உயரம் கூடியிருக்கும், அழுத்தம் குறைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியே அளந்து, தேவையான இடத்தில் ஸ்பிரிங்குக்கு அடியில் 0.5 மிமீ ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வையுங்க.

ஹட்டன்:
ஹெட்டைக் கழற்றாமல் செய்வதானால், கம்ப்ரெசர் இல்லாத கராஜில் நைலோன் கயிறு போதும் தம்பி. பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, நுனியை வெளியே விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி மேலே கொண்டுவந்தால் வால்வு விழாது. அந்த சிலிண்டரின் இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கணும், கேம் கழற்றியிருக்கணும். ரிட்டெய்னரை வால்வுத் தண்டோடு பிடித்துவைக்கிற சின்ன லொக்குகளை எடுக்கக் காந்தம் வையுங்க, எண்ணெய் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடையுங்க. ஒரு லொக் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் விழுந்தால் சம்பையே இறக்க வேண்டிவரும்.