‘அவன்’ என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்ட நிருபர்கள் யாராவது?

மாவட்ட நிருபர்:
போலீஸ் பிரஸ் நோட்டில் பிடிபட்டவர்கள் எதிரி ஒன்று, எதிரி இரண்டு என்று வருவார்கள், தெரியும்தானே. செல்போன் பறிப்பு, இருபது வயதுப் பையன். வழக்கம்போல ‘தப்பி ஓடினான்’, ‘ஒப்புக்கொண்டான்’ என்று அடித்து அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் அவன் அம்மா பேப்பரோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். சித்தாள் வேலையிலிருந்து நேராக வந்திருப்பார், நகமெல்லாம் சிமெண்ட். சண்டை எதுவும் போடவில்லை. அதே பக்கத்தில் கீழே ஒரு நிதி மோசடிச் செய்தி. கோடிக்கணக்கில் சுருட்டிய ஆள் ‘தலைமறைவானார்’. அந்த ‘ர்’ மேல் விரலை வைத்தார். அப்புறம் என் செய்தியில் இருந்த ‘ன்’ மேல் வைத்தார். “இதை மட்டும் மாத்த முடியுமா சார்?”

இருமொழிக்காரி:
இப்போதுகூட ‘அவன் அம்மா’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கிலீஷ் பேப்பரில் இருந்தேன். ‘ஹீ’ என்று போட்டால் வேலை முடிந்தது, திருடனுக்கும் மந்திரிக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு பிரஸ் மீட்டில் தமிழில் கேள்வி கேட்டேன். அதிகாரி காதிலேயே வாங்கவில்லை. “எந்தப் பேப்பர்?” என்றார். சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த தமிழ் நிருபர் அதே கேள்வியை எனக்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தார்.

டெஸ்க் பெருசு:
இங்கிலீஷ் பேப்பர், தமிழ் பேப்பர் என்று பிரித்துப் பேசுவதே எனக்குப் பிடிக்காது. 1878-இல் ‘இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ ஆரம்பித்தார். என் அனுபவம் ஒன்றுமில்லை, ஒருமுறை விகுதி மாறி எடிட்டரிடம் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் கவனிக்கவும்: தலைப்பில் ‘வாலிபர் கைது’ என்று மரியாதையாகப் போட்டுவிட்டு, உள்ளே ‘ஓடினான்’ என்று இறங்காதீர்கள். செய்தி ஏஜென்சி அனுப்பும் இங்கிலீஷ் காப்பியை மொழிபெயர்க்கும்போது விகுதியை நீங்கள்தான் போடுகிறீர்கள், ஏஜென்சி அல்ல. ‘எதிரி’ போலீஸுக்குத்தான் எதிரி; நமக்கு ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. நீளம்தான், இடம் கொடுங்கள். சந்தேகம் வந்தால் பெயரையே திரும்ப எழுதுங்கள். வினைமுற்றைத் தட்டிக்கழிக்க ‘ஓடியதாகக் கூறப்படுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள், படிக்கச் சகிக்காது.

மாவட்ட நிருபர்:
இருமொழிக்காரி சொன்ன பிறகுதான் கவனித்தேன். திருத்தலாம் என்று ‘அவருடைய அம்மா’ என்று அடித்துப் பார்த்தேன். யாரோ எம்.எல்.ஏ.வின் அம்மா வந்த மாதிரி இருக்கிறது.