பகாவ்லேர்ந்து தைப்பிங், அம்மாவோட ரெண்டு நாள், எங்கெங்க போலாம்?

தோட்டத்துப்பையன்:
வணக்கம். நாங்க மலேசியாவுல, நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் ஒரு எஸ்டேட்ல இருக்கோம், அடுத்த சனி ஞாயிறு மைவி கார எடுத்துக்கிட்டு வடக்க பேராக்ல இருக்குற தைப்பிங் போலாம்னு ஆச, நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க, அம்மா. ஈப்போ தாண்டுனா எனக்கு எல்லாமே புது ஊருதான். அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, ஆனா கார்லயே உக்கார வெச்சாலும் முணுமுணுப்பாங்க. பசங்களுக்கு ஜூ போனா போதும். அப்படியே பினாங்கையும் பாத்துட்டு வந்துரலாமான்னு வீட்டுக்காரி கேக்குறா. ரூமுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) தாண்டக்கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தைப்பிங்காரி:
தம்பி பினாங்க விட்ருங்க. பகாவ்லேர்ந்து இங்க வரவே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், அதுக்கு மேல பாலம் ஜாம்ல மாட்டுனீங்கன்னா பசங்க அழுகைதான் மிச்சம்.
லேக் கார்டனுக்கு காலையிலயே போயிருங்க. 1880ல வெள்ளீயம் தோண்டுன பழைய குட்டைங்கள பூங்காவா மாத்துனது, தூங்குமூஞ்சி மரமெல்லாம் ரோட்டுக்கு மேலயே சாஞ்சு ஏரித் தண்ணிய தொடுற மாதிரி கை நீட்டிக்கிட்டு நிக்கும், தரை மட்டமா இருக்கும், அம்மா மெதுவா நடக்கலாம். ஜூவும் பக்கத்துலயே, ராத்திரி சபாரியும் இருக்கு. வெயில் ஏறுனா அன்சாரி கடையில செண்டோல் குடிங்க, தேங்காப்பால் ஐஸ். குடைய மட்டும் மறந்துறாதீங்க, இங்க மழ இன்னைக்கு எத்தன மணிக்கு வரும்னு அந்தக் காலத்துல பந்தயம் கட்டுவாங்களாம்!

ரோட்டுராஜா:
இவ்ளோ தூரம் எதுக்கு ப்ரோ, போர்ட்டிக்சன் பீச் போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துருங்க லா

சிப்புட்_அண்ணன்:
ரோட்டுராஜா, போர்ட்டிக்சன்தான் வருஷம் முழுக்க போறோமே.
தம்பி, அம்மா பால்மரம் வெட்டுனவங்களா? அப்படின்னா தைப்பிங் போற வழியில கோலகங்சார்ல எறங்காம போயிராதீங்க. 1877ல நட்ட மொத ரப்பர் மரங்கள்ல ஒண்ணு இன்னும் அங்க நிக்குது. பிரேசில்லேர்ந்து லண்டன் கியூ தோட்டம், அங்கேர்ந்து சிலோன், சிங்கப்பூர்னு சுத்தி வந்த கன்னுங்க, அதுல 9 கன்ன கோலகங்சார்ல வெச்சாங்க. நம்ம தாத்தா பாட்டிய கப்பல் ஏத்திக் கொண்டாந்ததுல பாதி இந்த மரத்துக்காகத்தானே. டூரிஸ்ட் பஸ்ஸுங்க உபுடியா மசூதி வாசலோட திரும்பிரும், நீங்க மரத்தையும் பாருங்க. அப்புறம் ஹைவே ஏற வேணாம், பாடாங் ரெங்காஸ் வழியா பழைய ரோட்டுலயே தைப்பிங் போங்க, அந்த வழிதான் அழகு.

கரிமூட்டம்:
ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் இருந்தா கோல செபெத்தாங் போங்க, தைப்பிங்லேர்ந்து கிட்டத்தான். பழைய பேரு போர்ட் வெல்ட். நாட்டோட மொத ரயிலு 1885 ஜூன் 1ல ஓடுனது தைப்பிங்லேர்ந்து அங்கதான். தண்டவாளம் எல்லாம் போயாச்சு, ஸ்டேஷன் பேர்ப் பலக மட்டும் நிக்குது, இங்கிலீஷ், ஜாவி (அரபு எழுத்துல மலாய்), சீனம், தமிழ்னு நாலு எழுத்துல. நான் மொத தடவ பாத்தப்ப தமிழ் எழுத்த தடவிப் பாத்துட்டுத்தான் வந்தேன். பாக்காவ் (சதுப்பு நில மரம்) கட்டைய சுடுற கரி அடுப்பும் அங்கதான், குடிசை குடிசையா செங்கல்லுல கட்டுன சூளை, போனா சட்ட முழுக்க புகை வாசம்.

தோட்டத்துப்பையன்:
போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி. விடியக்காலம் 5க்கு கெளம்புனோம், ரூமு மட்டும் சொதப்பல், ஏர்கான்லேர்ந்து ராத்திரி முழுக்க தண்ணி சொட்டி பெரியவன் தலகாணி நனஞ்சு போச்சு. ஜூல பசங்க செம ஜாலி. மழ 4 மணிக்கு, நான் 5ன்னு சொல்லி வீட்டுக்காரிகிட்ட அஞ்சு வெள்ளி தோத்தேன்.
அண்ணே சொன்ன மரத்துக்கும் போனோம். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல, அண்ணாந்து பாக்குறாங்க, சுத்தி வர்றாங்க, அப்புறம் கத்தி புடிக்கிற மாதிரி கைய சாச்சு வெச்சு காத்துலயே ஒரு கோடு இழுத்தாங்க. "இம்மாம் பெருத்த மரத்த யாரு வெட்டுறது, ஒரு மரம் முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிருமேடா"ன்னாங்க. சின்னவன் "பாட்டி, பால் புடிக்கிற மங்க எங்க கட்டுவீங்க"ன்னு கேட்டான். அவ்ளோதான், தைப்பிங் வர்ற வரைக்கும் அவனுக்கு நெரை, மங்கு, ஒட்டுப்பால், கங்காணின்னு தோட்டத்து வேலை எல்லாம் பாடம். இந்த வருஷம் இவ்ளோ நேரம் அவங்க பேசி நான் கேட்டதே இல்ல.
போர்ட் வெல்ட் பலகைக்கு நேரம் பத்தல. அடுத்த தடவ.

சிப்புட்_அண்ணன்:
அடுத்த தடவ எங்க வீட்டுலயே தங்குங்க தம்பி, ஏர்கான் இல்ல, காத்தாடிதான். அது சொட்டாது.