பதில்: மாவுச்சத்து கலந்த நெகிழி மக்குகிறதா, உளுக்கிறதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாவுச்சத்து கலந்த பாலித்தீனை நம் சொல் தொகுப்பில் எப்படிக் குறிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். "மக்கும் நெகிழி" மக்களுக்குப் பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மடல்கள் வந்திருக்கின்றன. என்னால் ஒப்ப முடியவில்லை.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் ஒரு கறிவேப்பிலை நாற்று வாங்கினேன். பையின் மேல் "மாவுச்சத்து கலந்தது, மண்ணில் மக்கும்" என்று அச்சிட்டிருந்தது. நம்பி, பையோடு நட்டேன். கன்று தேறவில்லை. சென்ற வாரம் தோண்டிப் பார்த்தால், வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. பை வெளிறிச் சொரசொரத்திருந்தது. இழுத்தேன், செதில் செதிலாகக் கிழிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. இதற்கு எப்படி "மக்கியது" என்று எழுதுவேன்?

இந்த வகை நெகிழியை 1970களில் பிரிட்டனில் கிரிஃபின் என்பவர் உருவாக்கினார். பாலித்தீனில் சோள மாவுச்சத்தின் மணிகளைக் கலப்பது அவருடைய முறை. கடலை மிட்டாயில் கடலை இருப்பதுபோல் மணிகள் தனித்தனியாகவே பொதிந்திருக்கும், பாகோடு கரைவதில்லை. மண்ணில் உள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டித் தின்னும். ஆனால் அந்த நொதி பாலித்தீனை ஊடுருவாது. ஆகவே மேற்பரப்பில் தலைகாட்டும் மணியும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த மணியும்தான் அதற்கு எட்டும். மணிகள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாக உள்ளே போக வேண்டுமானால், கனஅளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு மாவுச்சத்து வேண்டும். கடைக்கு வந்த பைகள் பலவற்றில் எடையில் 6 முதல் 15 விழுக்காடுதான் இருந்தது. உள்ளிருக்கும் மணிகள் பெரும்பாலும் தீண்டப்படாமலே கிடக்கும்.

மணி போன இடம் ஓட்டையாகும், பை வலுவிழக்கும். பாலித்தீன் மூலக்கூறின் நெடுஞ்சங்கிலியோ அப்படியே இருக்கும். வெயிலும் ஆக்சிஜனும் அதை முதலில் துண்டு துண்டாக வெட்டினால்தான் நுண்ணுயிர் வாய் வைக்க முடியும். புதைந்த பைக்கு வெயில் ஏது? எஞ்சுவது நுண்நெகிழி, அதாவது பொடிப்பொடியான நெகிழித் துகள். மக்குவதற்கான தரநிர்ணயச் சோதனை கேட்பது வேறு: உரமாக்கும் சூழலில் 180 நாளுக்குள் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும். பத்து விழுக்காடு மாவுச்சத்து உள்ள பையில் மாவு முழுவதையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தாலும் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: உளுத்தல். உளுத்த உத்தரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புழு தனக்கு வேண்டியதைத் தின்றுவிடும், மரத்தின் உருவம் நிற்கும், தட்டினால் உதிரும். "சிதைவு" என்று பரிந்துரைத்த நண்பருக்கு: அது எல்லாவற்றுக்கும் பொது, எது போனது, எது எஞ்சியது என்று அது சொல்லாது. இலங்கை நண்பர் குறிப்பிட்ட "உக்குதல்" அழகான சொல், ஆனால் நம் "மக்குதல்" சுட்டும் பொருளையே அதுவும் சுட்டுகிறது. முழுதும் மண்ணாவதற்கு இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

பொருளின் பெயருக்கு "மாவு நிரப்பிய நெகிழி" வேண்டாம். அரைக் கிலோ கோதுமை மாவுப் பொட்டலம்தான் நினைவுக்கு வருகிறது. "மாப்பொதி நெகிழி" என்பது என் முன்மொழிவு. மாவுச்சத்தையே உருக்கி இழைத்து, மக்கக்கூடிய பலபடியோடு (பாலிமர்) சேர்த்துச் செய்யும் பைகளும் உண்டு. அவற்றில் தரச்சோதனையில் தேறியவை உண்மையாகவே மக்குகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது அவற்றுக்கும் அநீதி.

ஆக, தொகுப்பில் இப்படிச் சேர்க்கக் கேட்கிறேன்: "மாப்பொதி நெகிழி உளுக்கும், மக்காது." மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். "உளுத்தல்" மரத்துக்கு மட்டுமே உரியது என்று யாரேனும் நினைத்தால் அதையும் பேசுவோம். பயறும் உளுக்கிறதே.

அன்புடன்