ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சுப் பதிவு: திருப்பிச் சொல்வதையும் எம்.எல்.யூ.வில் சேர்க்கலாமா?

யாழினி_எஸ்எல்பி
ஆட்டிசம் உள்ள 5, 6 வயதுக் குழந்தைகள் அம்மாவோடு விளையாடுவதை 20 நிமிடம் பதிவு செய்து எம்.எல்.யூ. (கூற்றின் சராசரி நீளம்) பார்க்கிறோம். ஒரு பதிவில் கணக்கு இடிக்கிறது. குழந்தை தானாகப் பேசுவது ஒன்றிரண்டு சொல்தான். ஆனால் டிவி விளம்பர வசனம் ஆறேழு சொல்லோடு அப்படியே வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் 3.1, எக்கோலாலியாவை (கேட்டதை எதிரொலி போலத் திருப்பிச் சொல்வதை) எடுத்துவிட்டால் 1.6. எதை எழுதுவது? சொல்லை எண்ணுவதா, உருபனை (சொல்லுக்குள் பொருள் தரும் சிறு பகுதியை) எண்ணுவதா?

ஒலியன்
இரண்டு எண்ணையும் எழுதுங்கள். எத்தனை கூற்றுகளை எடுத்தீர்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதலில் ஒவ்வொரு கூற்றுக்கும் குறி போடுங்கள்: சொந்தப் பேச்சு, உடனடி எதிரொலி, தாமத எதிரொலி. பெரியவர் பேசியதும் குழந்தையின் அடுத்த ஓரிரு பேச்சு முறைக்குள் அதே சொற்கள் திரும்பி வந்தால் உடனடி; எப்போதோ கேட்டது பிறகு வந்தால் தாமதம். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். "பந்தை எடு" என்றதற்கு "பந்தை எடுக்கிறேன்" என்றால் வினைமுற்று மாறிவிட்டது, அது இலக்கணம் தெரிந்து சொன்னது, எதிரொலியில் தள்ளாதீர்கள். "பாலா, தண்ணியா?" என்று கேட்டு "தண்ணி" என்று வந்தால் பதிலா, கடைசிச் சொல்லின் எதிரொலியா என்று தெரியாது. சற்று நேரம் கழித்து வரிசையை மாற்றி, "தண்ணியா, பாலா?" என்று கேட்கச் சொல்லுங்கள். இப்போது "பால்" என்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

தாமத எதிரொலியை எழுதுபவர் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, எங்கே கேட்ட வசனம், எப்போதெல்லாம் சொல்கிறது என்று கேளுங்கள். பேச்சு-மொழி ஆய்வாளர்கள் பிரிசாண்ட், டூசன் இருவரும் 1981-லேயே உடனடி எதிரொலிக்கு ஏழு வேலைகள் பிரித்துக் காட்டினார்கள்: தன் முறைக்குப் பேசுவது, "ஆமாம்" சொல்வது, கேட்டு வாங்குவது என்று. எனவே நீளக் கணக்கிலிருந்து எடுத்தாலும் தரவிலிருந்து எடுக்கக் கூடாது.

உருபன்
இப்போதைக்குச் சொல்லை எண்ணுங்கள். "வந்துட்டான்" என்பதில் ஒருவர் மூன்று உருபன் என்பார், இன்னொருவர் ஐந்து என்பார். சொல்லிலும் சிக்கல் உண்டு: "சாப்பிட்டு விட்டேன்" என்று பிரித்து எழுதினால் இரண்டு, "சாப்ட்டுட்டேன்" என்றால் ஒன்று. துணைவினையைச் சேர்த்தே எழுதுவது என்று முன்கூட்டியே ஒரு தாளில் முடிவு செய்யாவிட்டால் இரண்டு பேர் எழுதியது ஒத்துவராது. குழந்தை மொழி ஆய்வாளர் ரோஜர் பிரவுன் 1973-இல் ஆங்கிலத்துக்குச் சொன்ன எம்.எல்.யூ. நிலைகளோடு தமிழ் எண்ணை ஒப்பிடுவதும் வீண்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நான்/நீ மாற்றம், அதாவது குழந்தை தன்னையே "நீ" என்று சொல்வது. ஆட்டிசத்தை விவரித்த மனநல மருத்துவர் கேனர் 1943-லேயே குறித்தது. ஆங்கிலத்தில் அது பிரதிப்பெயரில் பளிச்சென்று தெரியும். நம் பேச்சில் "நான்" பாதி நேரம் வராது, அதனால் வினைமுற்றில் தேட வேண்டும். தனக்குச் சாப்பாடு வேண்டும் என்பதற்கு "சாப்பிடுறியா?" என்றால் மாற்றம் தெளிவு. "வேணும்", "பசிக்குது" இரண்டிலும் தன்மை, முன்னிலை விகுதியே கிடையாது. "பசிக்குதா" என்று வந்தால் மாறியிருப்பது ஆளா, வெறும் கேள்வித் தொனியா என்று சொல்ல முடியாது. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் "அம்மா தர்றேன்", "குட்டி சாப்பிடுமாம்" என்றுதான் பேசுவார்கள். குழந்தை தன்னைப் பெயர் சொல்லிப் பேசினால் உடனே மாற்றம் என்று குறிக்காமல், அதே பதிவில் அம்மா எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள்.

யாழினி_எஸ்எல்பி
நன்றி. குறி போட்ட பிறகு சொந்தப் பேச்சு 38 கூற்றுகள்தான் தேறுகிறது. போதுமா?

வெண்ணிலா
குறைவு. புரியாத சொல் உள்ள கூற்றுகளை நீக்கிய பிறகும் குறைந்தது 50 இருக்கட்டும். அதே வாரம் இன்னொரு பதிவு எடுத்துச் சேர்க்கலாம். இரண்டிலும் அதே பொம்மைகள், அதே ஆள்.

எண், எழுத்து அட்டைகளை எடுத்துவிடுங்கள், ஒப்பிக்கத்தான் தூண்டும். சமையல் செட், வண்டி, சோப்புக் குமிழி போதும். அம்மாவிடம் "இது என்ன?" கேள்வியைக் குறைக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு சொல்தான் பதிலாக வரும், சராசரி பொய்யாக இறங்கும். ஒன்றைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருந்தால் குழந்தை தானாகத் தொடங்க இடம் கிடைக்கும்.

எம்.எல்.யூ.வை மட்டும் வைத்து நிலை சொல்லாதீர்கள். ஆட்டிசக் குழந்தைகளின் மொழியை ஆயும் டேகர்-ஃபிளஸ்பெர்க் குழு 2009-இல் சொன்னது இயல்பான பேச்சுப் பதிவு, பெற்றோர் சொல்வது, நேரடிச் சோதனை மூன்றையும் சேர்த்துப் பார்க்க. பதிவுக் கருவியை மின்விசிறிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், சொல்லின் கடைசியில் வரும் விகுதிதான் முதலில் அமுங்கிப்போகும்.