பழைய ஆடுகுதிரை: சாயத்தைச் சுரண்டலாமா?

கேள்வி: லெஸ்டர் ஏலத்தில் ஆங்கிலேய மரக்குதிரை ஒன்றை வாங்கிவிட்டேன். என் மூன்றாவது குதிரை. வீட்டில் திட்டு வாங்கியாகிவிட்டது. அடியில் வளைகட்டை இல்லை, தாங்கியில் ஊசலாடுகிறது. சாம்பல் புள்ளிச் சாயம் வயிற்றில் உரிந்து வெள்ளைப் பூச்சு தெரிகிறது. சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமா?

பதில் 1: ஐயோ, வேண்டாம்! அந்த வெள்ளை, சுண்ணப் பொடியும் விலங்குப் பசையும் கலந்த ஜெஸ்ஸோ. ஈரம் பட்டாலே இளகும். பழைய சாயம் போனால் விலையும் போய்விடும்.

பதில் 2: தாங்கி இருந்தால் பெரும்பாலும் 1880க்குப் பிந்தையது. அந்த வாக்கில்தான் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக்காரர் மார்க்வா அந்தத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். கண்கள் கண்ணாடியா?

கேட்டவர்: ஒன்று கண்ணாடி. மற்றது யாரோ ஒட்டிய கோட்டுப் பொத்தான்! பிடரி அசல் குதிரைமயிர், அந்துப்பூச்சி தின்றதுபோக மிச்சம்.

பதில் 1: பொத்தானை மட்டும் மாற்றுங்கள், அண்ணா. அதையும் தூக்கி எறியாதீர்கள்.