புதுப்பிப்பு: மாஸ்டர் பாஸ்வேர்டு, விலாசம், பேக்கப் கோடு

போன பதிவில், எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி), அதைத் திறக்க மட்டும் மனப்பாடமாக ஒரு நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு என்று எழுதியிருந்தேன். வீட்டு விலாசத்தையும் நகரக் கோயில் (நகரத்தார் குலப் பிரிவுக் கோயில்) பெயரையும் அந்த மாஸ்டர் பாஸ்வேர்டில் சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். விலாசம் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகிறது. நகரக் கோயில்களோ மொத்தம் 9தான். இளையாற்றங்குடியில் தொடங்கி வரிசையாகப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பின்னால் @123 ஒட்டினாலும் பயனில்லை, அதுதான் முதலில் முயலப்படும். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் 'பாதுகாப்புக் கேள்வி'க்கும் உண்மையான பதில் தராதீர்கள். சம்பந்தமில்லாத ஒன்றைக் கொடுத்து மேனேஜரில் குறித்து வையுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டைச் சில சொற்களைக் கோத்து அமையுங்கள்; அந்தச் சொற்களை மனதால் தேர்ந்தெடுக்காமல் பகடையால் எடுங்கள். இதற்கென்றே உள்ள, பகடை எண்களுக்கு நேராகச் சொற்களைத் தரும் டைஸ்வேர் பட்டியலில் 7776 சொற்கள். 5 முறை உருட்டினால் ஒரு சொல். மாஸ்டருக்கு 5 சொற்களாவது வேண்டும். தமிழ்ச் சொல் கலந்தால் ஆங்கில எழுத்தில் வையுங்கள், வேறு போனில் தமிழ் கீபோர்டு இல்லாமல் போகலாம். ழகரம் வரும் சொல்லைத் தவிருங்கள். எந்த ஸ்பெல்லிங் போட்டோம் என்பது மறந்துவிடும்.

பிள்ளைகள் சிங்கப்பூரில், ஆச்சி மட்டும் காரைக்குடியில் என்றால் இது முக்கியம்: கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இயக்கியதும், போன் கைவசம் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை எடுத்துவிடுங்கள். 8 இலக்கத்தில் 10 கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். புதிதாக எடுத்தால் பழையது செல்லாது, அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தாளில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.